இடுப்பளவில் நின்ற ஷட்டர்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருங்கள். எங்கள் நலத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள். நான் நாலாவதோடு நின்றவள். நீ எட்டாவதை மூன்று வருஷம் ஆழ்ந்து படித்தவன், சட்டம் உனக்குப் புரியும்.

ரொட்டிக்கடையை விற்றுத் தொலை என்று எழுதியிருந்தாய். விற்க முடியாதுடா. புதுக் கடைச் சட்டப்படி எங்கள் தெருவில் அடுப்பு எரியக்கூடாது என்று அதிகாரி வந்து ஷட்டரை இழுத்தாரா, பாதி இழுக்கும்போதே எங்கள் வக்கீல் தடை உத்தரவோடு ஓடி வந்தாரா, அதில் ‘இப்போது உள்ள நிலை அப்படியே தொடர வேண்டும்’ என்று இருந்ததா, அதிகாரி அப்படியே கையை எடுத்துவிட்டார். ஷட்டர் இடுப்பளவில் நின்றது. அங்கேயே சங்கிலி போட்டு சீல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் ஏழு மாதமாக மாவு மூட்டையும் நாங்களும் தவழ்ந்துதான் உள்ளே போகிறோம். வாடிக்கைக்காரர்களில் முதுகு வளைகிறவர்கள் மட்டும் மிச்சம். வக்கீலிடம் முறையிட்டால், “அரசியல் சட்டம் உங்க பக்கம்மா. எந்தத் தொழில் செய்யவும் எல்லாருக்கும் உரிமை இருக்கு” என்கிறார். “நின்னுக்கிட்டு செய்யவா, குனிஞ்சுக்கிட்டு செய்யவா?” என்று கேட்டேன். அதை ஐந்து நீதிபதிகள் முன்னால்தான் கேட்க வேண்டுமாம்.

போன மாதம் உன் அத்தான் அடுப்புப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் வெளியே நிற்கிறார்கள், சீலை உடைத்தால் நீதிமன்ற அவமதிப்பு என்று வக்கீல் போனில் கத்துகிறார். ரொட்டி அடுக்கும் பலகையில் கிடத்தி வெளியே தள்ளினோம். வெந்தும் வேகாததுமாக வந்து சேர்ந்தார். பக்கவாதமாம், வலது கை எழவில்லை. கடையை நான்தான் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. தோற்றால் அடுப்பை இடிப்பார்கள், அதோடு இவரும் போய்விடுவார். நான் கோர்ட்டுக்குப் போக, அவர் பக்கத்தில் ஆள் வேண்டும். உடனே கிளம்பி வா. பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் வீட்டுக்காரிக்கு ஆசியோடு அனுதாபமும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கடிதம் தபாலில் போகாமல் மாவு டப்பாவுக்கு அடியில் கிடந்துவிட்டது, செவ்வாயும் போய்விட்டது. ஜெயித்துவிட்டோம். அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம், பிறந்த நாளிலிருந்தே செல்லாது என்று ஐந்து பேரும் சொல்லிவிட்டார்கள். ஷட்டரை முழுக்கத் தூக்கினோம். வந்தவர்கள் பழக்கதோஷத்தில் குனிந்தே நுழைந்தார்கள். மறுநாள் அதிகாரி வந்தார். ரொட்டி விற்கும் எங்கள் உரிமமும் அதே சட்டத்தில் புதுப்பித்துக் கொடுத்ததாம். “சட்டம் செல்லாதுன்னா உரிமமும் செல்லாதுதானேம்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தரைவரை இழுத்துப் பூட்டினார். அத்தானுக்கு ஜெயித்தது மட்டும்தான் தெரியும். பழைய சட்டத்தில் வாங்கிய உரிமம் வைத்திருக்கிற பெரிய கடையில் தினமும் ஒரு ரொட்டி வாங்கி, நம் கடையுடையது என்று கொடுக்கிறேன். “இப்பதான்டி உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு” என்கிறார். நீ வந்தால் உளறிவிடாதே.