எஸ், எம், எல், எக்ஸ்எல்: ஸ்டீம் கொடுத்த பட்டியல்

சட்டத்துக்கு ஒளிந்து திரியும் ஒருவர், சுகாதாரத் துறையின் சொல்லுக்கு மட்டும் எழுத்துப் பிசகாமல் கட்டுப்படுவாரா? பன்றிக் காய்ச்சல் பரவிய 2009ஆம் ஆண்டு இந்தக் கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஏனென்றால், அவ்வாண்டு திருப்பூர் முழுவதிலும் அரசின் அறிவுரைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கஞ்சா குடிப்பவர்.

எங்கள் பனியன் கம்பெனியின் அயர்ன் பிரிவில் நாள் முழுவதும் ஆவிக்குள் நின்றதால் அவருக்கு 'ஸ்டீம்' என்று பெயர். இயற்பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். சொந்த ஊர் மூலனூர்; உடம்பும் அவ்வூர் முருங்கைக்காய்தான். சமூகப்பணி படித்துவிட்டு அங்கே தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்திருந்த நான், சுவரெங்கும் அறிவிப்புகள் ஒட்டினேன்: கை கழுவுங்கள், வாயை மூடுங்கள், மூன்றடி தள்ளி நில்லுங்கள். மற்றவர்கள் அந்த அறிவிப்புகளின் மேல் சாப்பாட்டுப் பையை மாட்டினார்கள். ஸ்டீம் மட்டும் நின்று மூன்று முறை படித்தார்.

மறுநாளே கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தார். மேற்பார்வைக்கு வந்த மேனேஜரின் சட்டைப் பொத்தான்வரை டேப்பை நீட்டி, "ரெண்டே முக்கால் அடிதானுங்க வருது. சித்த பின்னால போங்க சார்" என்றார். அந்தக் கம்பெனியில் மேனேஜரைப் பின்வாங்க வைத்த முதல் தொழிலாளி அவர்தான். கட்டிங் வேஸ்டில் கிடந்த இளஞ்சிவப்புத் துணியில் முகக்கவசம் தைக்கச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு வாரத்துக்குப் பிரிவு முழுவதும் இளஞ்சிவப்பு மூக்கோடு திரிந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள், மதிய இடைவேளையில், வேஸ்ட் குடோனுக்குப் பின்னாலிருந்து ஸ்டீமின் அதட்டல் கேட்டது. "எம்மு! எல்லோட துணியில ஏன்டா வாய வெக்கறே? உன்னுது எங்கடா?"

எட்டிப் பார்த்தேன். ஐந்து பேர் வட்டமாக, இஞ்ச் டேப் அளந்த இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கஞ்சா புகையும் ஒரே சிலும்பிக் குழாய். அதன் வாயில் ஈரத்துணி சுற்றிக் கைமாற்றிக் குடிப்பது அவர்கள் வழக்கம். ஸ்டீம் அந்த வழக்கத்தைச் சீர்திருத்தியிருந்தார்: ஆளுக்கொரு பனியன் துணி. மாறிவிடாமலிருக்க ஒவ்வொன்றிலும் சைஸ் லேபிள். எஸ், எம், எல், எக்ஸ்எல். முருங்கைக்காய் உடம்புக்காரர் தமக்கு எக்ஸ்எக்ஸ்எல் வைத்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் நால்வரும் இளஞ்சிவப்புக் கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஸ்டீம் மட்டும் எழுந்து நின்றார்.

"நீங்க ஒட்டுனபடிதானுங்க மேடம் நடக்கறோம்."

"சிலும்பி ஒன்றுதானே! துணி மாற்றினால் கிருமி திரும்பிப் போய்விடுமா? மூச்சுவழிக் காய்ச்சல் பரவும்போது நுரையீரலுக்குள் புகையை விடுகிறீர்களே!"

"புகையப் பத்தி நோட்டீஸ்ல ஒண்ணும் போடலீங்களே" என்றார், மெய்யான வருத்தத்தோடு.

கஞ்சா என்றால் உடனே வேலைநீக்கம் என்பது கம்பெனி விதி. ஐந்து குடும்பங்களை நினைத்து நான் பேசாமல் திரும்பினேன். அது கருணையா கோழைத்தனமா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து ஐந்தாம் நாள் கைப்பேசியில் ஸ்டீம் அழைத்தார். "மேடம், காய்ச்சலுங்க. ஊட்டுக்குள்ளயே பூட்டிட்டு இருக்கறனுங்க. சாவிய சன்னல்ல வெளிய போட்டுட்டேன்."

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பன்றிக் காய்ச்சல்தான். கடந்த வாரம் நெருங்கிப் பழகியவர்களின் பட்டியலை மருத்துவர் கேட்டார். அதற்கான படிவத்தை நானே தயாரித்திருந்தேன்: பெயர், முகவரி, சேர்ந்திருந்த இடம், சேர்ந்திருந்த காரணம். ஒரு பிரதி மேனேஜருக்கும் போகும்.

ஸ்டீம் கட்டிலில் இருமியபடியே நிரப்பிக் கொடுத்தார். பெயர் என்ற கட்டத்தில் நான்கே வரிகள்: எஸ், எம், எல், எக்ஸ்எல்.

"இது என்ன ஏற்றுமதி ஆர்டரா? பெயரைச் சொல்லுங்கள்."

"சொன்னா நாலு பேரு வேல போகுமுங்க. நான் ஒருத்தன் போறேன், போதுங்க."

"சொல்லாவிட்டால் அவர்களுக்கு மருந்து யார் கொடுப்பது?"

'எக்ஸ்எல்' என்ற வரியின்மேல் விரலை வைத்தார். பிறகு, மெல்ல: "மேடம், மாசமா இருக்கறவங்களுக்கு இது வந்தா ரொம்ப ஆகாதுங்களா?"

"ஆபத்து. தாய்க்கும் பிள்ளைக்கும். யார் வீட்டில்?"

அவர் கண் என் கையிலிருந்த படிவத்தில் நின்றது. நான்காம் கட்டத்தில்: சேர்ந்திருந்த காரணம். அதை வரைந்தவளே நான்தான். அதுவே அவர் வாயை அடைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை கிழித்தெடுத்துப் பைக்குள் போட்டேன்.

"எக்ஸ்எல்லு, ஓவர்லாக் மிஷின் ஓட்டற அந்தோணிங்க" என்றார் உடனே. "அனுப்பர்பாளையத்துல லைன் ஊடு. அவன் சம்சாரம் ரோஸிக்கு எட்டாம் மாசமுங்க. ஓடுங்க மேடம், ஓடுங்க." மற்ற மூன்று பெயர்களையும் என் முதுகுக்குச் சொன்னார். அந்த மூவருக்கும் அன்றே மருந்து போய்ச் சேர்ந்தது.

அந்த ஒற்றை அறையின் வாசலில் அந்தோணி தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ரோஸி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "சளிதாம்லா மேடம், கசாயம் வச்சுக் குடுத்திருக்கேன்" என்றான். அதட்டி ஆட்டோவில் ஏற்றினேன். "இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டு மருந்துச் சீட்டு எழுதினார். மூன்று நாள் மருத்துவமனை வராந்தாவில் கிடந்தோம். நான்காம் நாள் ரோஸிக்குக் காய்ச்சல் இறங்கியது. மறுமாதம் பெண் குழந்தை பிறந்தது.

மேனேஜர் கிழிந்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்கு ஒண்ணாச் சேந்தாங்கன்னு இதுல இல்லியே?"

"காய்ச்சலுக்கு அது தேவைப்படவில்லை சார்" என்றேன். என் வேலையும் அந்த நிமிடம் ஊசலாடியது. அவர் மேசைமேல் படிவத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனார். அதோடு ஐவர் வேலையும் என் வேலையும் தப்பின.

அதன்பின் நான் தயாரித்த எந்தப் படிவத்திலும் காரணம் கேட்கும் கட்டம் இல்லை. காய்ச்சல் கண்டவர்கள் தாமாகவே என் அறைக்கு வரத் தொடங்கினார்கள். கஞ்சா நுரையீரலை அரித்துவிடும் என்று ஸ்டீமிடம் சொல்வதை மட்டும் நான் நிறுத்தவில்லை. முன்பு அதை அலுவலராகச் சொன்னேன். பிறகு, அவர் நெடுநாள் இருக்க வேண்டுமே என்ற பயத்தில் சொன்னேன்.