அடுத்தவர் வயிற்றில் சிக்கனம்

தட்டுப்பாடு வந்தால் மனிதர்களில் ஒரு ரகம் தழைக்கும். அதற்குச் சிக்கனப் பிரியர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சிக்கனம் என்றால் அவருக்கு உயிர். அதை மற்றவர்கள் கடைப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இவரை நீங்கள் பார்த்ததில்லையா? விழுப்புரத்தில், கிழக்கு பாண்டி ரோட்டுக்குப் பின்னால் நாங்கள் மூன்று மாணவர்கள் குடியிருந்த வாடகை அறைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

வளைகுடாவில் சண்டை மூண்டு, கப்பல் வருவது நின்று, எங்கள் மெஸ்காரர் ‘கேஸ் இல்லை’ என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திய அன்றே அறிவுச்செல்வன் பதவியேற்றுக்கொண்டான். யாரும் ஓட்டுப் போடவில்லை. திண்டிவனத்துக்காரன், அதுவரை தன் பாயைக்கூடச் சுருட்டாதவன். அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் ஐந்து கிலோ சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பான், ஈரத்துணியால் துடைத்து எந்த மட்டம் வரை ஈரம் நிற்கிறது என்று குனிந்து ஆராய்வான், நாடி பிடித்த வைத்தியரைப் போல உதட்டைப் பிதுக்குவான், பிறகு உத்தரவு போடுவான்: டீ ஒரு வேளை, குக்கருக்கு இரண்டே விசில், விடியுமுன் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, குளிக்க வெந்நீர் கிடையாது. அவனுக்கு மட்டும் வெந்நீர் உண்டு. சைனஸாம்.

“ஊரே கேஸ் இல்லாம பேஜாராயிக்கினு இருக்குது, உனுக்கு ரெண்டாவது டீ கேக்குதா?” என்பான் என்னிடம். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போய் மல்லாட்டை உருண்டை, அதாவது கடலை உருண்டை, கொண்டுவந்து பெட்டியில் வைத்துப் பூட்டுவான். கேட்டால், “அது எமர்ஜென்சிக்குடா.” எமர்ஜென்சி அவனுக்கு நாள் தவறாமல் சாயங்காலம் நாலரைக்கு வரும்.

மூன்றாமவன் ஹுதைஃபா, கோட்டக்குப்பத்துப் பையன். அது நோன்பு மாதம். அறிவு போட்ட அடுப்புத் தடையால், விடியுமுன் அவன் சாப்பிட்டது பன்னும் வாழைப்பழமும்தான். நாள் முழுவதிலும் சூடாக அவன் வயிற்றுக்குள் போகக்கூடியது ஒன்றே ஒன்று, பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்புக் கஞ்சி. அங்கே விறகடுப்பில் காய்ச்சினார்கள். சண்டை அந்தப் பானைவரை வரவில்லை. தூக்குவாளி நிறைய வாங்கிவந்து, எங்களுக்கு ஆளுக்கொரு தம்ளர் ஊற்றிவிட்டு, மிச்சத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நோன்பு திறக்க மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை காத்திருப்பான்.

ஒருநாள் அவனுக்குப் பிராக்டிகல் பரீட்சை, வர நேரமாகும். அறிவு தானாகவே முன்வந்தான்.

“நீ போய் எக்ஸாமப் பாரு மச்சான். கஞ்சிய நான் வாங்கியாந்து வெக்கிறேன்.”

வாங்கிவந்தான். வந்ததும் ஒரு கணக்குப் போட்டான். கஞ்சி ஆறிவிடும், ஆறினால் சுடவைக்க வேண்டும், சுடவைத்தால் கேஸ் வீண். ஆகவே சூடாக இருக்கும்போதே குடித்துவிடுவது நாட்டுக்கு நல்லது. அவன் நாட்டுக்காக நான்கு தம்ளர் குடித்தான். நானும் இரண்டு குடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆறேகாலுக்கு ஹுதைஃபா ஓட்டமும் நடையுமாக வந்தான். கை கால் கழுவி உட்கார்ந்தான். பாங்கு கேட்டது. தூக்கைத் திறந்தான். அடியில் இரண்டு கரண்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்னாடா இது?”

“உன் பங்குதான். சண்ட நேரம், எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினாத்தான் ஓட்ட முடியும். அதுவும் இல்லாம, உனுக்குப் பசி பழக்கமாச்சே மச்சான். எங்களுக்கு அப்டியா?”

கவனியுங்கள், அவன் கிண்டல் செய்யவில்லை. பாராட்டாகத்தான் சொன்னான். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதவனிடம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று பாராட்டிச் சொல்ல எவ்வளவு தடித்த தோல் வேண்டும்! அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. வயிறு நிறைந்திருந்ததால் எழுந்திருக்கவில்லை.

ஹுதைஃபா அந்த இரண்டு கரண்டியை வழித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தான். மறுநாளிலிருந்து பள்ளிவாசலிலேயே உட்கார்ந்து நோன்பு திறந்தான். தூக்குவாளி வருவது நின்றது. அறிவுக்கு மனசு ஆறவில்லை.

“பாத்தியா, நாலு பேரு கஷ்டப்படற நேரத்துல அவன் மட்டும் தனியாப் போய்த் துன்னுட்டு வர்றான். சுயநலம்டா.”

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் வீட்டிலும் சிலிண்டர் வரத் தாமதமாயிற்றே, அந்த நாட்களில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தது யார், அவர் தட்டில் என்ன இருந்தது என்று சற்று யோசித்துச் சொல்லுங்கள். ஞாபகம் வரவில்லையா? அப்படியானால் கடைசியாக உட்கார்ந்தவர் நீங்கள் இல்லை.