மாயன் கோயிலில் பதினோரு ஜோடி செருப்பு

எனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயத்தில்தான் என் குரல் கணீரென்று வரும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரருக்கு மெக்சிகோவில் வேலை கிடைத்த புதிது. ஆறு மாதம் மேனேஜர் மனம் கோணாமல் இருந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த நேரத்தில் ஆபீசே குடும்பத்தோடு மாயன் கோயில் பார்க்கக் கிளம்பியது. கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த நான் பிரமிடு பார்க்கப் போகிறேன்!

காட்டுக்கு நடுவே அது எழும்பி நின்றதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. கை தானாகக் கும்பிட்டது. கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

"ஏய், இதுல பூசையெல்லாம் கெடையாது. இடிஞ்சு கெடக்கு. செருப்பப் போடு" என்றார் இவர்.

"இடிஞ்சா சாமி போயிருமா? நீங்களும் கழட்டுங்க, வெரசா."

கழற்றினார். அதைப் பார்த்த மேனேஜரின் மனைவி, எல்லோரும் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். "எஸ். டெம்பிள். நோ ஷூ" என்றேன். (எங்கள் ஊர் முருகன் கோயில் பூசாரிகூட இவ்வளவு அதட்டலாகச் சொன்னதில்லை.) கைடு தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார், தடுக்க ஆளில்லை. ஐந்தே நிமிடத்தில் பதினோரு ஜோடி வரிசைகட்டின. அடுக்கி வைத்ததும் நான்தான்.

மேகமூட்டத்தில் கல் ஜில்லென்று இருந்தது. மேட்டுக்காட்டில் ஏறிப் பழகிய கால் சும்மா இருக்குமா? முதல் ஆளாக உச்சிக்குப் போய், கண்ணுக்கெட்டிய வரை பச்சைக் காட்டைப் பார்த்து "ஓ!" என்று கத்தினேன். ஆளாளுக்குப் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் மேகம் விலகி, கல்லெல்லாம் தோசைக்கல் ஆகிவிட்டது.

இறங்கலாமென்று முதல் படியில் கால் வைத்த மேனேஜர் அலறிக்கொண்டு பின்வாங்கினார். பதினோரு பேரும் கால் மாற்றி மாற்றிக் குதித்தோம். கீழே நின்ற கூட்டம் ஏதோ சடங்கு என்று நினைத்துக் கைதட்டிப் படம் பிடித்தது.

"என் வேல போச்சு" என்றார் இவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கைடு செருப்புகளையெல்லாம் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார். எல்லா விரலும் என் பக்கம் நீண்டன. (முதலில் நீண்டது என் வீட்டுக்காரர் விரல்.) மேனேஜர் என்னை முறைத்தார், தன் பாதத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேலை நிரந்தரமாயிற்று. என் மானம்தான் இன்னும் ஆகவில்லை; இவர் ஊர் முழுக்கக் கதையைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்து பூண்டுக் காட்டு வரப்பில் நான் செருப்பைக் கழற்றினால் போதும். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கொழுந்தன் பவ்யமாகக் கை கட்டி நிற்பான்.

"மதினி, நீங்க மட்டுந்தானா, இல்ல நாங்களும் கழட்டணுமா?"