தாய்மாமன் வண்டியில் இரண்டு விளக்கு

டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. வினையே அங்கேதான். யூடியூபில் ரிப்பேர் வீடியோ பார்த்துப் பார்த்து, அடுத்தவர் வண்டிச் சத்தத்தை வைத்தே நோய் சொல்லுகிற அளவுக்கு முற்றிப்போயிருந்தேன். (யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்வேன்.)

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிக்கப் வாங்கினேன். அப்போதே என் தங்கை சுமதி மகளுக்குக் காதுகுத்தும் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில் நார்த்தாமலைக்குப் பக்கத்தில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். சுமதிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். "ஒன் மடியிலதாண்ணே குத்தணும்" என்று பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாள். நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

சும்மா போய் உட்கார்ந்தால் என்ன கெத்து? சீர்த் தட்டு, பட்டு, பழம், விருந்துக்குக் கிடா எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றி, முன்னால் வாழைக்கன்று கட்டி, மனைவி மலரோடு இலுப்பூரிலிருந்து கிளம்பினேன். அன்னவாசல் தாண்டுவதற்குள் இரண்டு விளக்கு எரிந்தது. ஒன்று பிரேக்கைச் சேர்ந்த ஏபிஎஸ். இன்னொன்று, வண்டி வழுக்கிப் போவது மாதிரிப் படம் போட்ட டிராக்‌ஷன் விளக்கு.

"ஏங்க, பிரேக் பிடிக்குதா?" என்றாள் மலர்.

மிதித்தேன். நன்றாகவே பிடித்தது.

"பிடிக்குதுல்ல? மெதுவா போவோம். நாளைக்கு ஒர்க்‌ஷாப்ல காட்டிக்கலாம்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷனும் சேந்து எரிஞ்சா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது."

எனக்கும் தெரியாது. புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன்.

ஆன்லைனில் வாங்கிய ஸ்கேனரைச் செருகினேன். இடது பின்சக்கர சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று போனில் பளிச்சென்று காட்டியது. அத்தோடு முடிந்தது விஷயம். ஆனால் ஒரு மெஷின் சொல்லி நான் கேட்பதா? பிரேக் லைனில் காற்று புகுந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி வண்டிக்கு அடியில் புகுந்து, காற்றை வெளியேற்றுகிற நட்டைத் தளர்த்தினேன். மலர் பெடலில்.

"மிதி!"

"மிதிச்சுட்டேன்."

"இன்னும் மிதி! காத்து வருது பாரு!"

வந்தது காற்றில்லை, பிரேக் ஆயில். வீடியோவில் இதைச் செய்கிற ஆள் மேலே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருப்பான். (அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.) நடுவில் சுமதி போன் செய்தாள். "அண்ணே, எங்க இருக்க? நல்ல நேரம் முடியப் போகுது." வண்டிக்கு அடியில் மல்லாந்தபடியே, "இந்தா, கோயில் வாசல்ல" என்றேன்.

"ஏங்க, பெடல் தரையில போய் முட்டுது" என்றாள் மலர். விளக்கு மட்டும் எரிந்த வண்டியில் இப்போது பிரேக்கே இல்லை. மாற்று ஆயிலும் கையில் இல்லை.

மலர் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். இடது பின்சக்கரத்துக்கு உள்பக்கம் மெல்லிய ஒயர் ஒன்று அறுந்து தொங்கியது. அதில் துண்டுக் கயிறு சுற்றியிருந்தது.

"காலையில கிடாவ எங்க கட்டுனீங்க?"

"வண்டியிலதான்."

"வண்டியில எங்கிட்டு?"

சக்கரத்தில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். மேலே இருந்து கிடா எட்டிப் பார்த்தது.

அப்புறம் பிராய்லர் கோழி ஏற்றி வந்த வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். "என்னண்ணே, சீரா? ஏத்துங்க, ஏத்துங்க" என்றார் டிரைவர், நல்ல மனுஷன். முன்னால் மலர், பின்னால் கோழிக் கூண்டுகளுக்கு நடுவே கிடாவும் நானும். பட்டுச் சேலைத் தட்டில் விழுந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டே போனேன்.

கோயிலில் இறங்கும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. காதில் தோடு மின்னியது. என் சித்தப்பா மகன் செல்வத்தின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் மொபெட்டில் வந்தவன். விளக்கே இல்லாத மொபெட்.

சுமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லைட்டுதானேண்ணே எரிஞ்சுச்சு? எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. ஓங்கிட்ட மடியத்தானே கேட்டேன்?" என்றவள் அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் தாமதமாக வந்தாலும், "என்ன, லைட்டு எரிஞ்சுச்சா?" என்றுதான் வரவேற்பு.

போன தையில் சுமதியின் மகனுக்குக் காதுகுத்து. பஸ்ஸில் போய், பந்தல் போட்டு முடிக்கும் முன்பே மணையில் உட்கார்ந்துவிட்டேன். திடீரென்று மைக் செட் கொர்ரென்று இழுத்து நின்றது. ஒயர் பக்கம் லேசாகத் திரும்பியிருப்பேன், அவ்வளவுதான்.

"ஒக்காருங்க!" என்று பந்தலே கத்தியது.

மூத்தவள் ஓடி வந்து என் மடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். காதில் அதே தோடு.

"தம்பி வர்ற வரைக்கும் மாமாவ எந்திரிக்க விடக்கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு" என்றாள்.

நானும் எழுந்திருக்கவில்லை.