விழுந்து வாங்கிய கப்

கயிறு இழுத்து ஜெயித்தவர்கள் மலாயாவில் எத்தனையோ பேர். விழுந்து ஜெயித்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்தால் சாப்பிடத்தான் எழுவேன். காலையில் நெய் தோசை, மத்தியானம் ஆட்டுக்கறி, இடையிடையே சிகரெட். அதுவும் டின் டின்னாக. என் அப்பா முப்பத்துநாலு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். ஊரே அதை வாயு என்று சொல்லிவிட்டதால், நான் உருளைக்கிழங்கை மட்டும் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

வருஷா வருஷம் கயிறு இழுக்கும் போட்டியில் செந்தூல் ரயில் பட்டறைக்காரர்கள் கிராணிகளான எங்களை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துப் போவார்கள். அந்த வருஷம் மானம் காக்க என்னைக் கடைசி ஆளாக நிறுத்தி, கயிற்றை இடுப்பில் சுற்றிவிட்டார்கள். என் தகுதி? எடைதான்.

"ஏங்க, படி ஏறினாலே மூச்சு வாங்குது. காலையிலேர்ந்து கை வேற வலிக்குதுன்னீங்க. வேணாங்க," என்றாள் மனைவி கமலம்.

"சிங்கத்தப் பாத்து என்ன பேச்சு பேசுறே!" என்றேன்.

விசில் ஊதியது. சிங்கம் இழுத்தது. நெஞ்சின் மேல் யாரோ எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருந்தது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. விட்டுவிடலாமா? பட்டறைக்காரனிடமா? பல்லைக் கடித்தேன். அடுத்த நொடி வானம்தான் தெரிந்தது.

எதிரணித் தலைவர் கொல்லர் முனியாண்டி, "கயித்த விடுங்கடா! கிராணி விழுந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர்கள் கயிற்றை விட்டதில் எங்கள் ஆட்கள் மொத்தமும் கயிறோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தார்கள். விதிப்படி வெற்றி எங்களுக்கே!

"வாயு லா, ஓமத்தண்ணி குடுங்க!" என்றது கூட்டம்.

"எங்க மாமனாருக்கும் ஓமத்தண்ணி குடுத்துக் குடுத்தேதான் அனுப்பிவச்சாங்க! காரக் கூப்பிடுங்க!" என்று அலறினாள் கமலம். முனியாண்டி என்னைக் கைக்குழந்தை போலத் தூக்கிக் காரில் போட்டார்.

"வாயு இல்ல. மாரடைப்பு," என்றார் டாக்டர்.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"அப்பா எந்த வயசுல போனாரு? சிகரெட் எவ்வளவு? சாப்பாடு?" எல்லாவற்றுக்கும் கமலமே பதில் சொன்னாள். சிங்கம் போர்வைக்குள் புகுந்துகொண்டது.

வாரக்கணக்கில் படுக்கை. முனியாண்டிதான் கப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே வச்சுக்குங்க. அடுத்த வருஷம் மட்டும் நிக்காதீங்க லா, எங்களுக்குப் பயமா இருக்கு."

கப் நேராக அடுப்படிக்குப் போனது. அன்றிலிருந்து எனக்கு வேளைக்கு ஒரு கப் சோறுதான். சிகரெட் டின்னில் கடுகு இருக்கிறது.

போன மாதம் எனக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் முனியாண்டி. எல்லோருக்கும் வாளியில் சோறு வந்தது. எனக்கு மட்டும் கமலம் அந்தக் கப்போடு வந்தாள். இப்படி ஒரு கப் அப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "இன்னொரு கப்," என்றேன்.

"விழுந்துடுவீங்க!" என்றது பந்தி முழுவதும்.