நூற்றுப்பத்து வீதம்

சுன்னாகத்தில் வெங்காயத்துக்கு அடுத்தபடியாக நன்றாக விளைகிற இனம் ஒன்று உண்டு: செய்தி நிறுப்பவர். நீங்கள் அவரைச் சந்தித்திருப்பீர்கள். மின்சாரம் இல்லை, பத்திரிகைக்குத் தாள் இல்லை, வானொலிக்குப் பற்றரி இல்லை, ஆனால் செய்திக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லாத இந்த நாட்களில், நீங்கள் மூச்சிரைக்க ஓடிப்போய் ஒரு புதினம் சொன்னால், அவர் சைக்கிளை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உங்களை மேலும் கீழும் பார்த்துக் கேட்பார்: "ஆர் சொன்னது?"

சொன்னவரைப் பொறுத்துத்தான் நிறை. சலூனில் கேட்டதென்றால் நூற்றுக்கு இருபது வீதம். மினிபஸ் கொண்டக்டர் என்றால் முப்பது. கந்தோரில் மேசைவேலை செய்கிறவர், அதுவும் நீளக் காற்சட்டை போட்டவர் என்றால் அறுபது. மனைவி சொன்னால்? அதை நிறுக்க அவரிடம் படிக்கல்லே கிடையாது.

எங்கள் மார்க்கண்டர் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை நெருங்கிய நேரம், வீட்டில் மண்ணெண்ணெய் அடிப்போத்தலுக்கு வந்துவிட்டது. அவர் தேத்தண்ணிக் கடையில் இருந்து, "கோப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கெண்டாலும் எண்ணெய் வரத்தானே வேணும்?" என்று பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். மறுநாள் சலூன்காரர் "வருமாம்" என்றார். கொண்டக்டர் "வருகுதாம்" என்றார். கந்தோர்காரர் நீளக் காற்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு "வந்திட்டுதாம்" என்றார். மார்க்கண்டர் மூன்றையும் கூட்டினார். நூற்றுப்பத்து வீதம்!

அந்த நேரம் பார்த்து மனைவி பராசக்தி ஓடி வந்தார்.

"இஞ்சருங்கோ, எங்கடை சங்கக்கடையிலை எண்ணெய் குடுக்கினம். பக்கத்து வீட்டு இரத்தினம்மாக்கா வாங்கிக்கொண்டு வாறா."

"ஒராள் சொன்னது. வேறை ஆதாரம்?"

"அவவின்ரை எண்ணெய்க் கானை மணந்து பாருங்கோவன்!"

"மணம் பழைய எண்ணெயின்ரையாயும் இருக்கலாம்."

சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே கானையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோப்பாய்க்கு மிதித்தார்.

அங்கே பூட்டிய கடைக்கு முன்னால் நீண்ட கியூ. கடைசியில் நின்றவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "எண்ணெய் வந்திட்டுதெண்டு ஆர் சொன்னது?"

"சுன்னாகத்திலை மார்க்கண்டர் எண்டு ஒரு மனுசனாம். விசாரிக்காமல் வாய் திறக்கமாட்டாராம்."

மார்க்கண்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படிப்பட்டவர் சொன்னால் பிழையாகுமா? அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார். பொழுதுபடும்வரை நின்றார்.

வெறுங்கானோடு வீடு திரும்பியபோது மகள் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தாள். கான் இல்லாத குறைக்குப் பராசக்தி தேத்தண்ணிக் கேத்திலைக் கொண்டுபோய் எண்ணெய் வாங்கி வந்திருந்தார். எத்தனை தரம் கழுவியும் என்ன, மறுநாள் தேத்தண்ணியின் முதல் மிடறிலேயே மார்க்கண்டர் முகம் சுளித்தார்.

"உது மண்ணெண்ணெய் மணக்குதோ?"

"ஆர் சொன்னது?" என்று கேட்டார் பராசக்தி.

"என்ரை மூக்கு."

"ஒரு மூக்குத்தானே. வேறை ஆதாரம்?"

மார்க்கண்டர் மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்தக் கேத்தில் கதையை வாசிக்கும்போது, "இதை இவனுக்கு ஆர் சொன்னது?" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கவலைப்படாதீர்கள். எனக்குச் சொன்னவர் நீளக் காற்சட்டை போட்டவர்.