பட்சிச்சாமியின் எதிர்நீச்சல் குச்சி

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம். விசேஷம் வேறொன்றுமில்லை, ஒரு குச்சி.

மலைக்காட்டில் வெள்ளைச் செம்போத்து என்றொரு பறவை இருக்கிறதாம். யார் கண்ணிலும் பட்டதில்லை, அதனாலேயே அபூர்வமாம். அதன் கூட்டுக் குச்சி தண்ணீர் ஓட்டத்தை எதிர்த்துப் போகுமாம். வீட்டு வாசல் நிலையில் கட்டினால் வறண்ட போர்வெல் ஊறும், நின்றுபோன கல்யாணம் நடக்கும், கோர்ட்டுக் கேஸ் ஜெயிக்கும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதை மட்டும் நமக்கே விட்டுவிட்டார், குச்சி கொண்டுவந்த பட்சிச்சாமி. அவர் காசைக் கையால் தொடமாட்டார். ஆடு, கோழி என்றால் தொடுவார்.

சுந்தராம்பாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் புருஷன் வீராசாமி, வீட்டிலிருந்த ஒரே சினையாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றான்.

"இன்னாய்யா பண்ற? ஆட்ட உடு!"

"சும்மா இரும்மே. போர்ல தண்ணி வந்தா பத்து ஆடு வாங்கலாம்."

அந்த ஆட்டை மலைப்பக்கம் மேய்த்தவள் அவள். முட்புதருக்குள் எத்தனையோ செம்போத்துக் கூடு பார்த்திருக்கிறாள். குச்சி, இலை, எச்சம், அவ்வளவுதான். இந்த வாரம் அதுவும் இல்லை. வெள்ளைச் செம்போத்தைத் தேடிப் போனவர்கள் புதரையெல்லாம் பிய்த்தெறிந்துவிட்டார்கள். நிஜமாக இருக்கிற செம்போத்து வீடில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.

சாமி தாம்பாளத் தண்ணீரில் குச்சியை விட்டார். அது விறுவிறுவென்று ஓடியது.

"பாத்துக்குங்க! ஓட்டத்த எதுத்துப் போவுது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, தாம்பாளத்துல ஏது ஓட்டம், எதுத்துப் போறதுக்கு?" என்றாள் சுந்தராம்பாள்.

"கம்முனு இரு. சாமி குத்தம் ஆயிடும்" என்று அதட்டினார் முன்வரிசைப் பொன்னுசாமி.

அவள் கம்மென்றுதான் இருந்தாள், கண்ணை மூடாமல். குச்சியை விடுமுன் சாமியின் விரல் ஒவ்வொரு தடவையும் கற்பூரத் தட்டுக்குப் போய்வந்தது. சட்டென்று குனிந்து ஒரு சுள்ளியை எடுத்தாள். நுனியைப் பல்லால் பிளந்து, தட்டிலிருந்த கற்பூரத் துணுக்கைச் செருகித் தண்ணீரில் விட்டாள். அதுவும் ஓடியது! பிறகு சாமியின் குச்சியிலிருந்த கற்பூரத்தை நகத்தால் நோண்டி எறிந்து, புதுத் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டாள். தள்ளிவிடக் கற்பூரம் இல்லாமல் அது செத்த பல்லிபோலக் கிடந்தது.

பொன்னுசாமி வாய்பிளந்தார். "உன் குச்சி எந்தப் பட்சி கூட்டுதும்மா?"

"உன் செருப்புக்கடியில கெடந்துச்சிண்ணா."

"தீட்டுப் பட்டுடுச்சி!" என்று கத்திக்கொண்டே சாமி பைக்குக்கு ஓடினார். சாவி கூட்டத்தின் கையில் இருந்தது. கோழிகள் அவரவர் கக்கத்துக்குத் திரும்பின.

வீராசாமி தலைநிமிராமல் கயிற்றை நீட்டினான். "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

செம்போத்துகூடக் கூட்டுக்குச் சேருமா என்று அலகால் கவ்விப் பார்த்துத்தான் ஒரு குச்சியை எடுக்கிறது. இத்தனை பெரிய மண்டையை வைத்துக்கொண்டு நாம்தான் பார்க்காமல் எடுக்கிறோம்.